வாசகர் கேள்வி – பதில்: ஈயச் சிப்பாய்ச் சந்தைக்குப் புறப்படுகிறவர்களுக்கு

ஈயத்தில் வார்த்த பொம்மைச் சிப்பாய்களைச் சேகரிப்பது குறித்துச் சென்ற இதழில் நான் எழுதிய குறிப்பைப் படித்துவிட்டுக் காவிரிக் கரை ஊர்களிலிருந்து பலர் கடிதம் எழுதியிருக்கிறார்கள். அவற்றுள் ஐந்து கடிதங்களுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: என் தாய்வழிப் பாட்டனார் நாகப்பட்டினம் ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தவர். அங்கிருந்த ஆங்கிலேய அதிகாரி ஒருவர் சொந்த நாட்டுக்குத் திரும்பியபோது கொடுத்துவிட்டுப் போன 11 ஈயச் சிப்பாய்கள் இப்போது என்னிடம் உள்ளன. லண்டனில் இருக்கும் என் மகன், அங்கே நடக்கும் பொம்மைச் சிப்பாய்ச் சந்தைக்கு என்னை அழைத்துச் செல்வதாகக் கூறுகிறான். வியாபாரிகளிடமும் மற்றச் சேகரிப்பாளர்களிடமும் எப்படிப் பேசுவது? எனக்கு ஆங்கிலம் வரும், கூச்சம்தான் போகவில்லை. – வாசகர், கும்பகோணம்

பதில்: ஐயா, முதல் வேலையை ஊரிலேயே முடித்துக்கொள்ளுங்கள். பொம்மைகளை உடன் எடுத்துச் செல்ல வேண்டாம். காரணத்தை மூன்றாவது கடிதத்துக்கான பதிலில் சொல்கிறேன். ஒவ்வொன்றையும் முன்புறம், பின்புறம், அடிப்பாகம் என மூன்று படங்கள் எடுத்து, உயரத்தையும் அளந்து குறித்துக்கொண்டு செல்லுங்கள். பொம்மையின் முகத்தை நாம் பார்ப்போம், வியாபாரியோ முதலில் அடிப்பாகத்தைத்தான் பார்ப்பார். லண்டன் பிரிட்டன்ஸ் நிறுவனத்தார் 1893இல் தங்கள் சிப்பாய்களை வெளியிட்டபோது அவற்றில் பெயர் எதுவும் பொறிக்கவில்லை. பிறர் அவற்றைப் பார்த்து நகல் வார்க்கத் தொடங்கிய பிறகே, 1900ஆம் ஆண்டையொட்டி, முதலில் அடியில் காகிதச் சீட்டு ஒட்டியும் பின்னர் அச்சிலேயே எழுத்துகளைப் பொறித்தும் தங்கள் உரிமையைக் காட்டினார்கள். ஆகவே அடியில் எழுத்து இல்லை என்பதற்காகப் பொம்மை மட்டமானது என்று நினைத்துவிட வேண்டாம். அது மிகப் பழையதாகவும் இருக்கலாம். நிற்கும் சிப்பாயின் உயரம் ஏறத்தாழ 54 மில்லிமீட்டர் இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள், அந்த அளவு பிரிட்டன்ஸாரால் பரவி நிலைத்த அளவு.

கூச்சத்தைப் பற்றி என் அனுபவத்தையே சொல்கிறேன். அத்தகைய சந்தை ஒன்றுக்கு முதன்முறை சென்றபோது, மேசை மேசையாகப் பரப்பி வைத்திருந்த குதிரைப் படைகளையும் பேண்டு வாத்தியக் குழுக்களையும் பார்த்தபடி ஒரு மணி நேரம் வாய் திறவாமலே சுற்றினேன். ஒரு மேசைக்குப் பின்னால் அமர்ந்திருந்த முதியவர்தான் என்னிடம் எந்த ஊர் என்று கேட்டார். சுவாமிமலைக்கு அருகில் என்று சொல்லி, அங்கே வெண்கலத் திருமேனிகளை மெழுகில் செய்து, அதன்மேல் காவிரி வண்டலைப் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு உலோகம் ஊற்றுவார்கள் என்று விளக்கினேன். அவர் கேட்ட அடுத்த கேள்வி இன்றும் நினைவிருக்கிறது: “கனமாகவா, உள்ளே வெற்றிடமாகவா?” நம் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் திருமேனிகளைக் “கனமாக” என்றும் “பொள்ளலாக” என்றும் பிரித்துச் சொல்லும் அதே கேள்வி. வழிபாட்டுக்குரிய திருமேனிகள் கனமானவை என்றேன். உடனே அவர் மேசைக்கு அடியிலிருந்து கீல் வைத்த பழைய பித்தளை அச்சு ஒன்றை எடுத்துத் திறந்து காட்டி, உருக்கிய ஈயக் கலவையை உள்ளே ஊற்றியதும் அச்சின் சுவரை ஒட்டிய பகுதி மட்டும் தோலாக உறைந்துவிடும் என்றும், அந்த நொடியில் அச்சைக் கவிழ்த்தால் நடுவில் உறையாத உலோகம் வழிந்து வெளியேறிவிடும் என்றும் செய்துகாட்டாத குறையாக விளக்கினார். இந்தப் பொள்ளல் வார்ப்பு முறையைப் பிரிட்டன்ஸார் கொண்டுவரும் வரை ஆங்கிலேயச் சிறுவர்கள் பெரும்பாலும் ஜெர்மனியிலிருந்து வந்த கனமான வார்ப்புச் சிப்பாய்களை வைத்தே விளையாடினார்கள். பொள்ளல் வார்ப்பில் உலோகம் மிச்சமானதால் 8 காலாட்கள் அல்லது 5 குதிரை வீரர்கள் அடங்கிய பெட்டியை 1 ஷில்லிங்குக்கு விற்க முடிந்தது. அன்று நான் அவரிடம் எதுவும் வாங்கவில்லை. ஆயினும் அரை மணி நேரம் கழித்து அவரே என்னைப் பக்கத்து மேசைக்காரர்களிடம் அழைத்துச் சென்று அறிமுகம் செய்துவைத்தார். பொம்மையைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று அங்கே எவரும் எதிர்பார்ப்பதில்லை. உங்கள் பாட்டனாரின் பணிமனைக் கதையைச் சொன்னாலே போதும், நாலு பேர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

பொம்மையைத் தொடும் முன் அனுமதி கேளுங்கள். அடித்தட்டைப் பிடித்துத்தான் தூக்க வேண்டும். துப்பாக்கி முனையையோ குதிரையின் காலையோ பிடித்துத் தூக்கினால் நூறாண்டு நின்ற பொருள் உங்கள் விரலிலேயே முறிந்துவிடும். எடுத்த இடத்தில், இருந்த திசையிலேயே திரும்ப வையுங்கள். வேறொருவர் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும் பொம்மைக்கு விலை கேட்கக் கூடாது. அவர் கீழே வைத்த பிறகு கேட்கலாம். பேரம் பேசுவதில் குற்றமில்லை. ஆனால் கும்பகோணம் பெரிய கடைத்தெருவில் பாத்திரத்துக்குக் கேட்பதுபோல் பாதி விலையில் தொடங்காதீர்கள், அது அங்கே அவமதிப்பாகக் கொள்ளப்படும். மூன்று நான்கு பொம்மைகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு, இவற்றை மொத்தமாக என்ன விலைக்குத் தருவீர்கள் என்று கேளுங்கள். வியாபாரி தாமாகவே இறங்கி வருவார். பொருளைக் குறை சொல்லி விலையைக் குறைக்கும் நம்மூர்ப் பழக்கத்தை விமான நிலையத்திலேயே விட்டுவிடுங்கள்.

ஏமாற்றமும் உண்டு. ஒரு முறை, அசல் வண்ணம் என்ற உறுதியை நம்பி ஒரு குதிரை வீரனை நல்ல விலைக்கு வாங்கினேன். கூடத்தின் மஞ்சள் விளக்கொளியில் அப்பழுக்கில்லாமல் தெரிந்தது, ஊர் வந்து முற்றத்து வெயிலில் வைத்துப் பார்த்தபோது தேய்ந்து பள்ளமான இடங்களுக்குள்ளும் வண்ணம் படிந்திருந்தது. அசல் வண்ணமாக இருந்தால் பள்ளம் விழுந்தபோது வண்ணமும் பெயர்ந்து போயிருக்கும் அல்லவா? கழுத்தையும் பாருங்கள். உடைந்த தலையைத் தீக்குச்சித் துண்டு செருகி ஒட்டுவது பழைய வீடுகளில் வழக்கமாக இருந்தது, ஆகவே கழுத்தைச் சுற்றி மெல்லிய கோடு தெரிந்தால் காரணம் கேளுங்கள். நல்ல வியாபாரி அதைத் தாமே முந்திக்கொண்டு சொல்லிவிடுவார். யார் சொல்கிறார், யார் மழுப்புகிறார் என்று ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்த பிறகே பணப்பையைத் திறப்பது என்று அன்று முதல் வைத்துக்கொண்டிருக்கிறேன். படத்தைப் பார்த்து வீட்டிலிருந்தபடியே வாங்கும் வசதி வந்த பிறகும் இந்தச் சந்தைகள் நிற்காமல் நடப்பதற்குக் காரணம், மேசைக்கு அந்தப் பக்கம் அமர்ந்திருக்கும் ஆளை எடைபோட வேறு வழி இல்லாததுதான்.

லண்டனோடு நிறுத்த வேண்டியதில்லை. அமெரிக்காவில் சிகாகோ அருகே நடக்கும் சந்தையில், கூடம் திறப்பதற்குச் சில நாட்கள் முன்பாகவே வியாபாரிகள் தங்கள் விடுதி அறைக் கட்டில்களின்மேல் பொம்மைகளைப் பரப்பி, கதவைத் திறந்து வைத்து விற்பார்கள். ஜெர்மனியின் குல்ம்பாக் நகரில் இரண்டாண்டுக்கு ஒரு முறை கூடும் சந்தையில் தட்டையான வெள்ளீயப் பொம்மைகளுக்கே முதலிடம்.

கேள்வி: பரணிலிருந்து எடுத்த ஈயச் சிப்பாய்களின் மேல் வெண்ணிறத் தூள் படிந்திருக்கிறது. துடைத்தாலும் மீண்டும் வருகிறது. பூஞ்சையா? இவற்றைக் கொலுவில் வைக்கலாமா? – வாசகி, மயிலாடுதுறை

பதில்: அது பூஞ்சை இல்லை அம்மா. மரம், அட்டை, சில வகைப் பசை ஆகியவற்றிலிருந்து மெல்லக் கசியும் அமில ஆவியும் காற்றின் ஈரமும் சேர்ந்து ஈயத்தை அரிப்பதால் உண்டாகும் ஈயக் கார்பனேட்டுத் தூள் அது. மேல்நாட்டுச் சேகரிப்பாளர்கள் இதை ஈயத்துக்கு வந்த நோய் என்றே சொல்வார்கள். ஓக் மரப் பேழைகள் இதற்குப் பேர்போனவை. நம் டெல்டாவில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் ஈரமும் அதற்குத் துணை போகிறது. மூடிய மரப்பெட்டியிலிருந்து உடனே வெளியே எடுத்து, நோய் கண்டவற்றைத் தனியே பிரித்து, கண்ணாடி அல்லது வண்ணப்பூச்சு நன்கு காய்ந்த இரும்பு அலமாரியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். பழைய அட்டைப் பெட்டி இருந்தால் அதை எறிந்துவிடாமல் தனியே பாதுகாத்து வையுங்கள். பெட்டி உள்ள தொகுதிக்குச் சந்தையில் மதிப்பு அதிகம். புளி, எலுமிச்சை, வினிகர் இவற்றைக் கிட்டேயே கொண்டுபோகாதீர்கள். பித்தளைக் குத்துவிளக்கைத் துலக்கும் கை ஈயத்தின்மேல் படவே கூடாது.

அந்தத் தூள் நஞ்சு. உலர்ந்த துணியால் தட்டிப் பறக்கவிடாமல், கையுறை அணிந்து ஈரப் பஞ்சால் ஒற்றி எடுத்து, உடனே பொம்மையின் ஈரத்தைப் போக்கிவிட்டுக் கையைச் சோப்பால் கழுவுங்கள். பிரிட்டன்ஸ் நிறுவனமே 1966இல் ஈயப் பொம்மைகளைக் கைவிட்டுப் பிளாஸ்டிக்குக்கு முழுமையாக மாறிவிட்டது. கொலுவில் வைக்க விரும்பினால் குழந்தைகள் கைக்கு எட்டாத மேல்படியில் வையுங்கள். செட்டியார் கடைக்கு அருகில் கீழ்ப்படியில் வேண்டாம்.

கேள்வி: என்னிடம் உள்ள பழைய சிப்பாய்களை வெளிநாட்டுச் சந்தையில் விற்க எண்ணுகிறேன். பயணப் பெட்டியில் வைத்து எடுத்துச் செல்லலாமா? – வாசகர், மன்னார்குடி

பதில்: எடுத்துச் செல்லாதீர்கள். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டப்படி 100 ஆண்டுகளுக்குக் குறையாத கைவினைப் பொருள் தொல்பொருளாகக் கொள்ளப்படக்கூடும். தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய இயலாது. உங்கள் பொம்மை அந்த வயதுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதை நீங்களோ நானோ முடிவு செய்ய முடியாது. பொருள் தொல்பொருள் அன்று என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடமிருந்து பெற்றுக்கொண்ட பிறகே பயணத்தைப் பற்றி நினையுங்கள். கும்பகோணத்து நண்பரைப் படங்களோடு மட்டும் போகச் சொன்னதும் இதற்காகவே. நாகப்பட்டினத்துப் பணிமனை 1928இல் திருச்சி பொன்மலைக்கு மாற்றப்பட்டது என்பதால் அவருடைய பொம்மைகளும் அந்த வயதை ஒட்டியவையாக இருக்கலாம்.

வாங்கி வருகிறவர்களுக்கும் ஒரு சொல். இந்தியாவில் பொம்மைகளுக்கான அடிப்படை இறக்குமதித் தீர்வை 2020இல் 20 விழுக்காட்டிலிருந்து 60 விழுக்காடாகவும், 2023இல் 70 விழுக்காடாகவும் உயர்த்தப்பட்டது. ரசீது இல்லாமல் எதையும் வாங்காதீர்கள்.

கேள்வி: நம்மை ஆண்டவர்களின் படையைப் பொம்மையாகச் சேகரித்து வைப்பதும், அவர்களுடைய சந்தையில் போய் நிற்பதும் உங்களுக்கு உறுத்தவில்லையா? – கல்லூரி மாணவர், திருவாரூர்

பதில்: உறுத்தியதுண்டு. பிரிட்டன்ஸ் வெளியிட்ட பெட்டிகளில் 67ஆம் எண்ணுக்குரியது சென்னை மாகாணத்துக் காலாட்படை. அந்தப் படையில் நம் பக்கத்து ஊர்களின் ஆட்களும் இருந்தார்கள். அந்தப் பெட்டியை ஒரு மேசையில் கண்டபோது, விற்பவர் சீருடையின் வண்ணத்தையும் அது வெளிவந்த காலத்தையும் துல்லியமாகச் சொன்னார். அந்தத் தலைப்பாகையைச் சுட்டிக்காட்டி, 1806 ஜூலை 10ஆம் நாள் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்ததற்கு ஒரு காரணமே புதிதாகப் புகுத்தப்பட்ட தலைப்பாகைதான் என்றும், தோல் குச்சம் வைத்த அந்தத் தலைப்பாகையோடு, நெற்றிக் குறியும் தாடியும் கூடாது என்ற ஆணையும் சேர்ந்ததால்தான் பொறுமை கடந்தது என்றும் நான் சொன்னேன். அவருக்கு அது தெரிந்திருக்கவில்லை. பெட்டிக்குள் செருகி வைத்திருந்த குறிப்புத் தாளை எடுத்து, என்னைத் திரும்பச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார். நான் போகாமல் இருந்திருந்தால் அந்தத் தாளில் சீருடையின் வண்ணம் மட்டுமே இருந்திருக்கும்.

கேள்வி: வெளிநாடு போக வசதியில்லை. தஞ்சாவூர் வட்டாரத்திலேயே இப்படிப்பட்டவர்களைச் சந்திக்க வழி உண்டா? – வாசகர், திருவையாறு

பதில்: சிப்பாய்ப் பொம்மைகளுக்கென்று தனிச் சந்தையைத் தேடாதீர்கள். நம் பக்கத்து நகரங்களில் நாணயம், அஞ்சல்தலைக் கண்காட்சி நடக்கும்போது போய், மேசை போட்டிருக்கும் பழம்பொருள் வியாபாரிகளிடம் உங்களுக்கு வேண்டியதைச் சொல்லிக் கைப்பேசி எண்ணைக் கொடுத்துவிட்டு வாருங்கள். பழைய வீடுகளை ஒழிக்கும்போது அவர்கள் கையில் ஈயச் சிப்பாய் வந்து சேர்வது உண்டு, என்னவென்று தெரியாமல் எடைக்குப் போட்டுவிடுவதும் உண்டு. நவராத்திரி நாட்களில் பழைய குடும்பங்களின் கொலுவைப் பார்க்கப் போகும்போது, தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மைக்குப் பின்னால் நிற்கும் பேண்டு வாத்திய செட்டைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பெரும்பாலும் மண் பொம்மையாகவோ காகிதக்கூழ் பொம்மையாகவோ இருக்கும். எனக்கு இரண்டு முறை ஈயமாக இருந்தது. இரண்டு வீட்டாரும் விற்க மறுத்துவிட்டார்கள், ஆண்டுதோறும் சுண்டலுக்கு மட்டும் தவறாமல் அழைக்கிறார்கள்.