அரையாண்டில் 58, பொதுத்தேர்வில் 90 வருமா?

கேள்வி: என் மகள் தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். எந்தக் கணக்கைக் கேட்டாலும் தெரியும் என்கிறாள். ஆனால் அரையாண்டுத் தேர்வில் கணிதத்தில் 58 மதிப்பெண்தான் வந்தது. பொதுத்தேர்வில் 90 எடுக்க இனி என்ன செய்ய வேண்டும்? டியூஷனை மாற்றலாமா?

பதில்: டியூஷனைப் பற்றி யோசிப்பதற்கு முன், திருத்தி வந்த விடைத்தாளை எடுத்துவைத்து, போன 42 மதிப்பெண்ணும் எங்கெங்கே போயிற்று என்று மகளோடு உட்கார்ந்து கணக்கெடுங்கள். முறையே தெரியாமல் விட்டது எவ்வளவு, முறை தெரிந்தும் நடுவில் பிசகியது எவ்வளவு, நேரம் போதாமல் தொடாமல் விட்டது எவ்வளவு என்று அவளே தன் கையால் எழுதட்டும். "தெரியும்" என்று பிள்ளைகள் சொல்வது பெரும்பாலும் உண்மைதான். ஆனால் அது கைடைத் திறந்து வைத்திருக்கும்போது தெரிவது. மூடி வைத்துவிட்டு, வெற்றுத்தாளில் கடைசி வரி வரை போட்ட கணக்கை மட்டுமே தெரிந்த கணக்காக எண்ண வேண்டும்.

தற்போதைய வினாத்தாள் அமைப்பில் ஒரு மதிப்பெண் வினாக்கள் 14. இரண்டு மதிப்பெண்ணிலும் ஐந்து மதிப்பெண்ணிலும் தலா 14 கேட்டு 10 எழுதச் சொல்வார்கள். அவற்றில் 28ஆவது, 42ஆவது வினாக்கள் கட்டாயம். கடைசிப் பகுதியில் வடிவியலுக்கு 8, வரைபடத்துக்கு 8 மதிப்பெண். இந்த 16 மதிப்பெண்ணில்தான் முதலில் கை வைக்கச் சொல்வேன், ஏனென்றால் இங்கே வரும் கணக்கு வகைகள் மிகக் குறைவு: வடிவியலில் வடிவொத்த முக்கோணம், உச்சிக்கோணம் கொடுத்து வரையும் முக்கோணம், வட்டத்துக்குத் தொடுகோடு; வரைபடத்தில் மாறுபாடும் இருபடிச் சமன்பாடும்.

ஆனால் பிசகும் இங்கேதான் அதிகம். y = x² − 2x − 3 என்ற வரைபடத்தை வரைந்து, அதைக் கொண்டு x² − x − 6 = 0 என்பதைத் தீர்க்கச் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் சமன்பாட்டிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் y = −x + 3 என்ற நேர்க்கோடு கிடைக்கும்; அது வளைவரையை (−2, 5), (3, 0) ஆகிய புள்ளிகளில் வெட்டும்; தீர்வு −2, 3. கழிக்கும்போது −6இன் குறியை மாற்ற மறந்தால் y = −x − 9 என்று வந்துவிடும், அந்தக் கோடு வளைவரையைத் தொடவே தொடாது. அந்த நேரத்தில் மாணவி பதறிப்போய், சரியாக வரைந்த வளைவரையை அழித்துவிட்டு மறுபடி வரையத் தொடங்குவாள். எட்டு மதிப்பெண்ணோடு இருபது நிமிடமும் போய்விடும். (இதற்குக் "கவனக்குறைவு" என்று பெயர் வைத்துத் திட்டுவதில் பயனில்லை.) கழிக்க வேண்டிய சமன்பாட்டின் ஒவ்வோர் உறுப்பின் கீழும் மாறிய குறியை எழுதிவிட்டுக் கழிக்கும் பழக்கம் போதும். கோடு வெட்டவில்லையென்றால் வளைவரையை விட்டுவிட்டுக் கழித்தலைத்தான் முதலில் சரிபார்க்க வேண்டும் என்பதும் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அளவுத்திட்டத்தையும் வடிவியலில் உதவிப்படத்தையும் வரைமுறையையும் விட்டுவிடக் கூடாது.

ஐந்து மதிப்பெண் வினாக்களுக்கு மட்டும் 50 மதிப்பெண் இருப்பதால் மீதி உழைப்பை அங்கே போடுங்கள். தேல்ஸ் தேற்றம், கோண இருசமவெட்டித் தேற்றம், திட்டவிலக்கம், அளவியல் ஆகியவை எழுதி எழுதிப் பழகினால் கைக்கு வந்துவிடும். முக்கோணவியலில் ஏற்றக்கோணக் கணக்குக்குப் படம் சரியாக விழுந்தால் பாதி முடிந்தது. ஒரு மதிப்பெண் வினாக்களுக்குப் புத்தகப் பயிற்சிகளே அடிப்படை. அவற்றுக்கு விடையெழுதும்போது அ, ஆ என்ற குறியீட்டோடு விடையையும் சேர்த்து எழுத வேண்டும்.

வாரம் ஒரு முழு வினாத்தாளை, மூன்று மணி நேரம் ஒரே இருக்கையில் உட்கார்ந்து எழுதட்டும். வரைபடத்துக்கும் வடிவியலுக்கும் சேர்த்து 40 நிமிடம், ஐந்து மதிப்பெண் வினா ஒவ்வொன்றுக்கும் 9 நிமிடம் என்று வைத்துக்கொண்டால், மற்றவை போகக் கடைசியில் சரிபார்க்கச் சிறிது நேரம் மிஞ்சும்.

டியூஷன் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கணக்கெடுப்பில் முறை தெரியாமல் போன மதிப்பெண் ஒன்றிரண்டு பாடங்களில் குவிந்திருந்தால், பள்ளியின் கணித ஆசிரியரிடமே அந்தப் பாடங்களை மட்டும் மறுபடி கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். பிசகாலும் நேரத்தாலும் போனதுதான் அதிகம் என்றால் மாற்ற வேண்டாம். புதிய ஆசிரியரின் முறை பிடிபடுவதற்கே இரண்டு வாரம் கழிந்துவிடும்.