லொறிக்குப் பூட்டுகிற டீசல் மிச்சக் கருவிகள் உண்மையில் வேலை செய்யுமா?

கேள்வி இது: பேலியகொடையில் இருந்து கண்டிக்குச் சாமான் ஏற்றுகிற 14 அடி லொறி, லீற்றருக்கு 6 கிலோமீற்றர்தான் ஓடுகிறது. டீசல் குழாயில் கட்டும் காந்தம், தண்ணீரில் இருந்து ஹைட்ரஜன் எடுக்கும் கிட், எயார் பைப்புக்குள் வைக்கும் சுழல் தகடு, வாகனக் கணினியைச் சோதிக்க உள்ள ஓபிடி சொக்கெற்றில் குத்தும் சின்னப் பெட்டி. இதில் ஏதாவது பூட்டினால் 20, 30 வீதம் மிஞ்சும் என்கிறார்கள். வாங்கலாமா?

வாங்காதீர்கள். அந்தக் காசுக்கு ரயர் காற்றைப் பார்க்கும் நல்ல அழுத்த மீற்றர் ஒன்று வாங்குங்கள். ஏன் என்று பின்னால் வருகிறேன்.

எந்தக் கருவியை விற்கிறவரும் கடைசியில் வந்து நிற்பது ஒரே வசனத்தில்தான்: “எஞ்சினுக்குள்ள டீசல் முழுசா எரியிறதில்ல, இத போட்டா முழுசா எரியும்.” சூடேறி ஒழுங்காக ஓடுகிற டீசல் எஞ்சின், உள்ளே போகும் டீசலில் 98 வீதத்துக்கு மேல் எரித்து முடித்துவிடுகிறது. எரியாமல் வெளியே போவது 2 வீதத்துக்குள். அதை முழுவதும் எரித்துக் கொடுத்தாலும் மிச்சம் அந்த 2 வீதம்தான். 20 எங்கிருந்து வரும்? டீசல் வீணாவது எரியாததால் அல்ல, எரிந்த சூடு தப்பிப் போவதால். மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலான சூடுதான் வேலையாக மாறுகிறது. மற்றது சைலன்சராலும் ரேடியேற்றராலும் போகிறது. காந்தமோ தகடோ அந்தச் சூட்டைத் தொடுவதே இல்லை.

காந்தத்துக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டீசல் காந்தத்துக்குப் பிடிபடும் பொருள் இல்லை. சுழல் தகடு கொஞ்சம் மோசம். காற்றைச் சுழற்றும் வேலையை சிலிண்டர் ஹெட்டில் உள்ள காற்று வழியும் பிஸ்டன் தலையில் உள்ள குழியும் ஏற்கெனவே செய்கின்றன. ரேர்போ (காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும் சக்கரம்) உள்ள லொறியில் தகடு கொடுத்த சுழற்சி ரேர்போவுக்குள் போனதும் காணாமல் போய்விடும். மிஞ்சுவது காற்றுக்கு ஒரு தடை மட்டும். ஒட்டுவேலை சரியில்லாத தகட்டில் ஓர் இதழ் உடைந்தால் அது நேரே ரேர்போ சக்கரத்துக்குள் போகும். அந்தச் செலவை எண்ணிப் பாருங்கள்.

ஓபிடி பெட்டியை ஒரு சின்ன ஸ்க்ரூ ட்ரைவரால் திறந்து பார்க்கலாம். புதிய வாகனங்களின் கணினியோடு பேச வேண்டுமானால் 6ஆம், 14ஆம் பின்களில் ஒரு தொடர்பு சிப் இருக்க வேண்டும். மலிவுப் பெட்டிகள் பலவற்றில் பற்றரிக் கரண்ட் வரும் பின்னும் ஏர்த் பின்னும் மட்டும்தான் இணைத்திருக்கும். உள்ளே மின்னுகிற மூன்று விளக்குகளும் அவற்றை மினுக்குகிற ஒரு சிப்பும். “150 கிலோமீற்றர் ஓடினால் உங்கள் ஓட்டத்தைப் படித்துக்கொள்ளும்” என்று அட்டையில் எழுதியிருப்பது, திருப்பிக் கொடுக்கும் நாள் கடந்துபோகட்டும் என்பதற்காகவோ என்னவோ.

ஹைட்ரஜன் கிட்டைக் கணக்குப் போட்டே பார்ப்போம், ஏனென்றால் படித்தவர்களும் ஏமாறுவது இதில்தான். 24 வோல்ட் லொறியில் தண்ணீரைப் பிரிக்கும் செல் 12 வைத்து 10 அம்பியர் விடுகிறீர்கள் என்று வையுங்கள். ஒரு செல்லில் ஒரு அம்பியர் போனால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 7 மில்லிலீற்றர் ஹைட்ரஜன் வரும். 12 செல்லுக்கும் 10 அம்பியருக்கும் சேர்த்து சுமார் 840 மில்லிலீற்றர். அது எரிந்தால் கிடைக்கும் சக்தி 150 வாற் அளவு. மணிக்கு 6 லீற்றர் டீசல் குடிக்கிற எஞ்சினுக்குள் போகும் சக்தி 60,000 வாற். அதாவது நானூறில் ஒரு பங்கு. இனி அந்த வாயுவை எடுக்க ஆன செலவு: 28 வோல்ட், 10 அம்பியர் என்றால் 280 வாற் மின்சாரம். ஓல்டனேற்றர் 55 வீதம்தான் திருப்பித் தரும் என்றால் பெல்ற்றில் இருந்து 500 வாற்றுக்கு மேல் இழுக்கும். அந்த 500 வாற்றைக் கொடுக்க எஞ்சின் 1,400 வாற் அளவுக்கு டீசல் எரிக்க வேண்டும். 1,400 கொடுத்து 150 வாங்குகிற வியாபாரம். “சக்திக்காக இல்ல, ஹைட்ரஜன் டீசலைத் தூண்டி விடும்” என்று அடுத்த கதை வரும். தூண்டி எரிக்க மிச்சம் இருந்ததே அந்த 2 வீதம்தான்.

இதில் நட்டத்தோடு ஆபத்தும் உண்டு. தண்ணீரில் கலக்கிற பொற்றாசியம் ஐதரொட்சைட் அலுமினியத்தை அரிக்கும். வாயுவோடு சேர்ந்து துளித்துளியாக மனிபோல்டுக்குள் போனால் வேலையைக் காட்டத் தொடங்கும். எஞ்சின் நின்ற பிறகும் கரண்ட் போகும்படி வயர் இழுத்திருந்தால் பொனெற்றுக்கு அடியில் ஹைட்ரஜனும் ஒட்சிசனும் கலந்து தேங்கும். ஒரு பொறி போதும்.

கொமன் ரெயில் எஞ்சின்களுக்கு (உயர் அழுத்த டீசலை ‘ரெயில்’ என்ற பொதுக் குழாயில் வைத்துக் கணினி சொல்லத் தெளிக்கும் வகை) வரும் “பவர் சிப்” மட்டும் பொய்யில்லாத கருவி. ஆனால் அது செய்வது வேறு வேலை. ரெயில் அழுத்தத்தைக் குறைத்துக் காட்டிக் கணினியை ஏமாற்றும், கணினி அழுத்தத்தைக் கூட்டும், டீசல் கூடப் போகும், இழுவையும் கூடும். டாஷில் காட்டும் சராசரி மட்டும் அழகாக இருக்கும், ஏனென்றால் கணினிக்கே தான் எவ்வளவு டீசல் விட்டது என்று சரியாகத் தெரியாது. டாஷை நம்பாதீர்கள்.

டாங்கிக்குள் ஊற்றுகிறவற்றில் அசிற்றோன் சீல்களைக் கெடுக்கும். மண்ணெண்ணெய் கலப்பதும் வேண்டாம். அதற்கு வழுக்கும் தன்மை குறைவு, பம்ப் தேயும். லீற்றருக்குரிய சக்தியும் டீசலைவிடக் கொஞ்சம் குறைவுதான்.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகவரகம் 1970களில் இருந்து இப்படிப்பட்ட 100க்கு மேற்பட்ட கருவிகளைப் பரிசீலித்திருக்கிறது. எரிபொருளைக் குறிப்பிடத்தக்க அளவு குறைத்த ஒன்றையும் அது காணவில்லை. மிகச் சில சிறிதளவு குறைத்தன. சில புகையைக் கூட்டின.

“ஆனா பூட்டின ஆள் ஒருத்தர் லீற்றருக்கு அரைக் கிலோமீற்றர் கூடுதுன்னு சொல்றாரே?” பெரும்பாலும் அவர் பொய் சொல்வதில்லை, அளவு பிழைத்திருக்கிறது. டீசல் நுரைக்கும், ஒரு பம்பில் கிளிக் முன்னுக்கே நிற்கும், இன்னொன்றில் 2 லீற்றர் கூடப் போகும். 40 லீற்றரில் 2 லீற்றர் என்றால் 5 வீதம். லொறி கொஞ்சம் சாய்வாக நின்றாலும் இதே பிழை. 800 மில்லிமீற்றர் குறுக்களவுள்ள ரயர் 10 மில்லிமீற்றர் தேய்ந்தால் சுற்றளவு 2.5 வீதம் குறையும், அந்த அளவுக்கு ஓடோமீற்றர் ஓடாத தூரத்தையும் சேர்த்துக் காட்டும். தேய்ந்த ரயரில் மைலேஜ் “கூடுவதற்கு” ஒரு காரணம் இது. கண்டி வீதிக் கிலோமீற்றர் கற்களோடு ஒப்பிட்டால் உங்கள் ஓடோமீற்றர் எவ்வளவு பொய் சொல்கிறது என்று தெரிந்துவிடும்.

உங்கள் ஓட்டத்துக்கு இன்னொன்றும் உண்டு: மலை. கண்டி கடல்மட்டத்தில் இருந்து சுமார் 500 மீற்றர் உயரம். சாமானோடு 6 தொன் நிற்கிற லொறியை அந்த உயரத்துக்கு ஏற்ற மட்டும், எஞ்சின் 35 வீதத் திறனில் ஓடினால், 2.3 லீற்றர் டீசல் வேண்டும். ஒரு மாதம் கண்டிக்கும் அடுத்த மாதம் நீர்கொழும்புக்கும் ஓடிவிட்டு, இடையில் காந்தம் கட்டினால் காந்தத்துக்குப் பேர் வந்துவிடும்.

கடுகண்ணாவையில் இறங்கும்போது நியூற்றலில் விடுகிற பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். கியரில் அக்சிலேற்றரை விட்டு இறங்கினால் பம்ப் டீசலை நிறுத்திவிடும். நியூற்றலில் ஐட்லிங் டீசல் போய்க்கொண்டே இருக்கும். எக்ஸோஸ்ட் பிறேக்கும் கியரில்தான் பிடிக்கும். கால் பிறேக் சூடேறிக் கைவிட்டால் மிச்சம் பற்றிப் பேச ஆள் இருக்காது.

இனி, டீசல் உண்மையில் போகிற இடங்கள். முதலில் ரயர். காற்றை விடிய, வண்டி ஓடுவதற்கு முன் பாருங்கள். கட்டையால் தட்டிப் பார்ப்பதை விட்டுவிடுங்கள்; 20 பிஎஸ்ஐ குறைந்தாலும் சத்தத்தில் தெரியாது. பின்னால் இரட்டை ரயரில் உள்பக்கத்து ரயரை யாரும் பார்ப்பதில்லை, வால்வுக்குக் கை எட்டாததால்தான். நீட்டு வால்வு போடுங்கள். சிறு வாகனங்களில் 1 பிஎஸ்ஐ குறைந்தால் 0.2 வீதம் எரிபொருள் கூடும் என்பது கணக்கு; லொறிக்கும் போக்கு அதேதான். எவ்வளவு காற்று என்பதை கதவோரத் தகட்டில் பாருங்கள். ரயர் சுவரில் எழுதியிருப்பது அந்த ரயரின் உச்ச அளவு.

அடுத்தது பிறேக். ஓடி வந்து நிறுத்தியவுடன் நான்கு டிரம்மின் பக்கத்திலும் கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனல் அடித்தால் அங்கே ஷூ பிடித்துக்கொண்டிருக்கிறது. ஜாக்கில் தூக்கிக் கையால் சுற்றினாலும் தெரியும். வீல் சிலிண்டர் இறுகியிருக்கலாம், அல்லது பாஸ் (மெக்கானிக்) அளவுக்கு மீறி இறுக்கியிருக்கலாம்.

நம்முடைய கராஜ்களில் ஒரு பழக்கம்: எஞ்சின் கொதித்தால் தேர்மோஸ்டற்றை (எஞ்சின் சூடான பிறகே தண்ணீரை ரேடியேற்றருக்கு விடும் வால்வு) கழற்றி எறிவது. பிறகு அடைபட்ட ரேடியேற்றரை யாரும் பார்ப்பதில்லை. தேர்மோஸ்டற் இல்லாத எஞ்சின் வெயில் ஊரிலும் சரியான சூட்டுக்கு வராமலே ஓடும், டீசல் கூடக் குடிக்கும், சிலிண்டரும் தேயும். விஸ்கஸ் ஃபேன் (சூடு கூடும்போது மட்டும் வேகமாகச் சுற்றுவது) கெட்டதும் அதை வெல்ட் பண்ணி நேரே சுற்ற விடுவதும் இதே ரகம். அந்த ஃபேன் பகல் முழுவதும் எஞ்சின் பலத்தைத் தின்னும்.

சுமையோடு ஏறும்போது கறுப்புப் புகை வந்தால் முதலில் எயார் பில்டர், பிறகு டீசல் தெளிக்கும் நொசில். நொசிலைக் கழற்றி டெஸ்டரில் போட்டு அழுத்தத்தையும் தெளிப்பையும் பாருங்கள். தூவலாக வராமல் நூலாக வடிந்தால் மாற்ற வேண்டும். புகைப் பரிசோதனைக்கு முதல் வாரம் மட்டும் செய்கிற வேலை அல்ல இது.

வேகம்: 60இல் இருந்து 80க்குப் போனால் காற்றின் எதிர்ப்பு 78 வீதம் கூடும். படங்கு தளர்ந்து படபடத்தால் இன்னும் கூடும். துறைமுக வாசலிலோ புறக்கோட்டையிலோ எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருந்தால் இப்படிப்பட்ட லொறி மணிக்கு அரை லீற்றரில் இருந்து ஒரு லீற்றர் வரை குடிக்கும், ஓடிய கிலோமீற்றர் பூச்சியம். சொல்லக் கூச்சமான ஒன்று: டாங்கி மூடிக்கு நல்ல பூட்டு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பூட்டுகிற பொருள்களில் பயன் தருவதும் இல்லாமல் இல்லை. கெபினைவிடப் பெட்டி உயரமாக இருந்தால் கெபின் மேல் வைக்கும் காற்றுத் தடுப்பு நெடுஞ்சாலையில் வேலை செய்யும். அதே அமெரிக்க முகவரகம் சரக்கு வாகனங்களின் எரிபொருளைக் குறைக்கும் ஸ்மார்ட்வே திட்டத்தில் காற்றின் எதிர்ப்பைக் குறைக்கும் சில அமைப்புகளையும் குறைந்த உருளல் தடையுள்ள ரயர்களையும் சோதித்து ஏற்றுக்கொண்டிருக்கிறது. கிராண்ட்பாஸ் நெரிசலில் அதற்கு வேலையில்லை.

ஏற்கெனவே காசு கொடுத்து ஏதாவது வாங்கிவிட்டீர்கள் என்றால் இப்படிச் சோதியுங்கள். ஒரே பம்ப், ஒரே இடம், முதல் கிளிக்கோடு நிறுத்தம். பூட்டாமல் 5 டாங்கி, பூட்டி 5 டாங்கி, கழற்றி மறுபடி 5 டாங்கி. பாதை, சுமை, ட்ரைவர் மாறக்கூடாது. பூட்டுகிற அன்று பில்டரோ ரயரோ மாற்றக் கூடாது. விற்கிறவர் “இலவசமா சேர்விஸ் செய்து தாறன்” என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ட்ரைவருக்கும் சொல்லாதீர்கள், தெரிந்தால் கால் தானாகவே மெதுவாகும். பூட்டியபோது கூடிய மைலேஜ் கழற்றியதும் பழையபடி இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் கூட்டியது கருவி இல்லை. உங்களிடம் ஒரே ரக லொறி இரண்டு இருந்தால் ஒன்றை எதுவும் பூட்டாமல் கூடவே அதே பாதையில் ஓட விடுங்கள். மழையும் நெரிசலும் இரண்டுக்கும் ஒன்றாகிவிடும், இரண்டின் வித்தியாசத்தை மட்டும் கொப்பியில் எழுதினால் போதும்.