ரேடியேஷனுக்கு அப்புறம் வாய் காய்ஞ்சு போறது: நீங்க கேட்டதும் நான் சொல்றதும்

மூக்குக்குப் பின்னாடி, உள்நாக்குக்கு மேல இருக்கற இடத்துல வர்றதுதான் நாசோஃபேரிங்ஸ் கேன்சர். அதுக்கு ரேடியேஷன் எடுத்தவங்களும் அவங்க வீட்டு ஆளுங்களும் வாய் வறட்சி பத்தி நிறைய கேட்டிருக்கீங்க. நான் ரேடியேஷன் வார்டுல ரொம்ப வருஷமா நர்ஸா இருக்கேன். செக்கப்புக்கு வர்றவங்க "கட்டி போயிடுச்சு சிஸ்டர், ஆனா இந்த வாய்தான்..."னு ஆரம்பிக்கறத கேட்டுக் கேட்டே இதையெல்லாம் கத்துக்கிட்டேன்.

கேள்வி: கட்டி இருந்தது மூக்குப் பக்கம், எச்சில் ஏன் நின்னு போச்சு?

காது மடலுக்குக் கீழ, தாடை எலும்பு வளையற இடத்துல விரல வச்சுப் பாருங்க, அங்கதான் எச்சில் சுரக்கற பரோட்டிட் சுரப்பி இருக்கு, ரெண்டு பக்கமும். இந்த கேன்சர் கழுத்து நெறிக்கட்டிகளுக்கு சீக்கிரம் பரவும், அதனால கட்டிக்கு மட்டும் இல்லாம கழுத்துல ரெண்டு பக்கமும் ரேடியேஷன் குடுப்பாங்க. கட்டி இருக்கற இடத்துக்கு சுமார் 70 கிரே (கிரேங்கறது ரேடியேஷன அளக்கற அலகு), 33லேர்ந்து 35 தடவையா பிரிச்சு கிட்டத்தட்ட 7 வாரம். போற வழியில சுரப்பிங்களும் மாட்டிக்குது. தண்ணி மாதிரி எச்சில் சுரக்கற செல்லுங்கதான் முதல்ல அடிபடும், அதனாலதான் ரெண்டாவது மூணாவது வாரத்துலயே எச்சில் கோந்து மாதிரி இழுபட ஆரம்பிக்குது.

கேள்வி: திரும்ப வருமா சிஸ்டர்? முடிஞ்சு 5 மாசம் ஆச்சு, பயமா இருக்கு.

5 மாசத்துல முடிவு பண்ணாதீங்கம்மா. முதல் வருஷம் முழுக்க, சிலருக்கு ரெண்டு வருஷம் வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமா தேறும். எவ்வளவு தேறும்ங்கறது சுரப்பிக்கு எவ்வளவு டோஸ் போச்சுங்கறத பொறுத்தது, பரோட்டிட்டுக்கு சராசரியா 26 கிரேக்குள்ள நிறுத்தப் பாப்பாங்க, ஐஎம்ஆர்டிங்கற, கட்டியோட வடிவத்துக்கு ஏத்த மாதிரி கதிர் அளவ மாத்தி குடுக்கற முறையில அது ஓரளவு முடியுது, பழைய முறையில எடுத்தவங்களுக்குத்தான் நிரந்தரமா போன கஷ்டம் ஜாஸ்தி. ஆனா ஒண்ணு, சாப்பிடும்போது எச்சில் வருது, சும்மா இருக்கும்போது காயுதுன்னு நிறைய பேர் சொல்வாங்க. சும்மா இருக்கும்போது ஊறற எச்சில் பெரும்பாலும் தாடைக்குக் கீழ இருக்கற சுரப்பியிலேர்ந்து வருது, பரோட்டிட் தேறினாலும் அது தேறாம இருக்கலாம். பழையபடி முழுசா ஆகிடும்னு நான் யாருக்கும் வாக்கு குடுக்கறதில்ல.

கேள்வி: ராத்திரி 2 மணிக்கு நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிட்டு எழுந்துடறேன். தண்ணி குடிச்சா அப்புறம் பாத்ரூமுக்கு எழணும். தூக்கமே இல்ல.

இதுல எல்லாரும் வாயை மட்டும் பாக்கறாங்க, மூக்க மறந்துடறாங்க! ரேடியேஷன் உங்க மூக்குக்குள்ளயும் பட்டிருக்கு, உள்ள பொருக்கு கட்டி அடைச்சுக்கும், அடைச்சா தூக்கத்துல வாயாலதான் மூச்சு விடுவீங்க, இருக்கற கொஞ்ச ஈரமும் காத்துல போயிடும். டாக்டர் சொன்ன மாதிரி உப்புத் தண்ணியால மூக்க கழுவுங்க, கொதிச்சு ஆறின தண்ணியா இருக்கணும், படுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை கட்டாயம். அப்புறம் வாய் வறட்சிக்குன்னே விக்கற ஜெல் வாங்கி, ஒரு பட்டாணி அளவு எடுத்து நாக்கு மேல, கன்னத்து உள்பக்கம், ஈறு மேல தடவிட்டுப் படுங்க. ஜெல் ஒட்டிக்கிட்டு நிக்கும், தண்ணி அஞ்சு நிமிஷத்துல போயிடும். முழிச்சா குடிக்காதீங்க, ஒரு வாய் எடுத்து நாக்கு நனையற மாதிரி சுத்திட்டு துப்பிடுங்க. ரூம்ல காத்த ஈரமாக்கற ஹியூமிடிஃபையர் மெஷின் வச்சா நல்லது. இன்னொண்ணு, அலர்ஜி மாத்திரை, நரம்பு வலிக்கு குடுக்கற அமிட்ரிப்டிலின் இதெல்லாம் வாயை இன்னும் காய வைக்கும். நீங்களா நிறுத்தாதீங்க, எல்லா மாத்திரையையும் டாக்டர்கிட்ட காட்டி கேளுங்க.

கேள்வி: அப்பாவுக்கு அடுத்த மாசம் ரேடியேஷன். பல் டாக்டர பாக்க சொல்றாங்க, கேன்சர் இருக்கும்போது பல்லா முக்கியம்?

முக்கியம்தான். எச்சில் வெறும் ஈரம் இல்ல, அமிலத்த கழுவி பல்லுக்கு கால்சியம் திருப்பி குடுக்கறதே அதுதான். அது போனா ஈறு ஓரமா, பல் கழுத்த சுத்தி பழுப்பா சொத்தை வரும், வலிக்கவே வலிக்காது. ஒருத்தர் முன்பல்ல கையில கொண்டு வந்து காட்டினார், ஈறோட மட்டத்துல சுத்தமா உடைஞ்சிருந்தது, ரேடியேஷன் முடிஞ்சு ஒரு வருஷம்கூட ஆகல. அதுக்கப்புறம் பிடுங்கலாம்னா தாடை எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைஞ்சிருக்கும், பிடுங்கின இடம் ஆறாம எலும்பே செத்துப்போற ஆபத்து இருக்கு. அதனால பிடுங்க வேண்டிய பல்ல ரேடியேஷன் ஆரம்பிக்க ரெண்டு வாரத்துக்கு முன்னாடியாவது பிடுங்கி ஆற விடணும். அப்பாவோட பல்லுக்கு அளவெடுத்து ட்ரே செஞ்சு தருவாங்க, தினமும் அதுல ஃபுளோரைடு ஜெல் போட்டு பல் டாக்டர் சொல்ற நேரம் வச்சுட்டு துப்பணும், அரை மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது. எச்சில் குறைவா இருக்கற வரைக்கும் இது தொடரணும், பலருக்கு வாழ்நாள் முழுக்க. பின்னாடி எந்தப் பல் டாக்டர்கிட்ட போனாலும் ரேடியேஷன் எடுத்தத முதல்ல சொல்லணும்.

கேள்வி: பைலோகார்பின் மாத்திரை கேட்டு வாங்கலாமா?

கேளுங்க. மிச்சம் இருக்கற சுரப்பிய தூண்டி விடற மருந்து அது, சுரப்பி மொத்தமா போயிருந்தா பலன் குறைவு. வழக்கமா 5 மில்லிகிராம், ஒரு நாளைக்கு 3 வேளை. ரெண்டு நாள்ல ஒண்ணும் ஆகலன்னு விட்டுடாதீங்க, முழு பலன் தெரிய 12 வாரம் வரை ஆகலாம். நல்லா வேர்க்கும். கட்டுக்குள்ள இல்லாத ஆஸ்துமாவும், குறுகிய கோண க்ளாக்கோமாங்கற கண் அழுத்த நோயும் இருக்கறவங்க எடுக்கக் கூடாது, இதய நோய் இருந்தா முன்னாடியே சொல்லிடணும்.

கேள்வி: புளிப்பு மிட்டாய் சப்பினா எச்சில் வருதே?

வரும், பல்லும் போகும். சர்க்கரை இல்லாத சைலிட்டால் சூயிங்கம் மெல்லுங்க.

கேள்வி: நாக்கு எரியுது, கன்னத்துல வெள்ளையா படிஞ்சிருக்கு.

பூஞ்சையா இருக்க வாய்ப்பு அதிகம், எச்சில் இல்லாத வாயில அது சுலபமா வரும். மருந்து இருக்கு, ஆனா பாத்துட்டுத்தான் குடுக்கணும், இந்த வாரமே காட்டுங்க. ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் இருந்தா தூக்கிப் போடுங்க. ஒரு கப் வெதுவெதுப்பான தண்ணியில கால் டீஸ்பூன் சோடா உப்பு, அதுல பாதி சாதா உப்பு, கலந்து கொப்பளிங்க, கூடவே வெறும் தண்ணியாலயும்.

கேள்வி: வீட்டுக்காரர் எங்ககூட உக்காந்து சாப்பிடறதில்ல. தட்ட எடுத்துக்கிட்டு ரூமுக்குப் போயிடறார். கோபமா இருக்காரோ?

கோபம் இல்லம்மா, கூச்சமா இருக்கும். ஒவ்வொரு வாய்க்கும் தண்ணி குடிச்சு முழுங்கணும், தொண்டையில சிக்கினா இருமல் வரும், எல்லாரும் முடிச்சப்புறமும் அவர் பாதித் தட்டோட உக்காந்திருக்கணும். நீங்க அவருக்கு பத்து இருபது நிமிஷம் முன்னாடியே பரிமாறிடுங்க, குழம்பு தளதளன்னு ஊத்தி, சின்னச் சின்னதா. தண்ணி டம்ளர அவருக்கு மட்டும் வைக்காம எல்லார் தட்டுக்குப் பக்கத்துலயும் வைங்க. இருமல் அடிக்கடி வந்தாலோ எடை குறைஞ்சாலோ, அடுத்த விசிட்டுக்குக் காத்திருக்காம முழுங்கறதுக்கு பயிற்சி குடுக்கற தெரபிஸ்ட்கிட்ட அனுப்பச் சொல்லி கேளுங்க.