பன்னிரண்டு பக்கம் எழுதியும் ஏஜென்ட் தப்பாகவே செய்கிறது

கேள்வி: எங்கள் தெருவில் நடத்தும் சின்ன இரவல் நூலகத்தின் கணக்கை எஸ்க்யூலைட்டில் (எல்லா விவரமும் ஒரே கோப்பில் இருக்கும் டேட்டாபேஸ்) வைத்திருக்கிறேன். அதை இயக்கப் பைத்தானில் ஒரு கருவியும் எழுதினேன். இப்போது "யார் யார் புத்தகம் திருப்பித் தரவில்லை" என்று ஏஐ ஏஜென்ட்டிடம் (தானே கட்டளைகளை ஓட்டி வேலை செய்யும் ஏஐ) கேட்டால் அதுவே கருவியை ஓட்டிப் பார்த்துச் சொல்கிறது, ஆனால் பாதி நேரம் தப்பு. பன்னிரண்டு பக்கத்துக்குக் கையேடு எழுதிக் கொடுத்தேன், அப்போதும் தப்பு. எதை எழுதாமல் விட்டேன்? (வாசகி, ஈரோடு)

பதில்: நீங்கள் விட்டதைவிட, தேவையில்லாமல் எழுதியதுதான் அதிகமாக இருக்கும் என்று நினைக்கிறேன். மனிதர் ஒருமுறை படித்தால் அடுத்த வாரமும் கொஞ்சம் நினைவிருக்கும். ஏஜென்ட் பெரும்பாலும் ஒவ்வொரு முறையும் புதிதாக வந்து உட்கார்கிறது, பன்னிரண்டு பக்கத்தையும் மறுபடி படிக்கிறது, அந்தக் கூட்டத்தில் முக்கியமான இரண்டு வரி அமுங்கிப்போகிறது. டேபிள் என்றால் என்ன, விவரம் கேட்கும் செலக்ட் கட்டளையை எப்படி எழுதுவது என்றெல்லாம் அதற்குச் சொல்லித்தர வேண்டாம். எஸ்க்யூலைட் 2000ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது, அதைப் பற்றி எழுதப்பட்டதில் பெரும்பகுதியை அது ஏற்கெனவே படித்திருக்கும். அதற்குத் தெரியாதது உங்கள் நூலகத்தின் வழக்கம்தான். திரும்பிய தேதி காலியாக இருந்தால் புத்தகம் இன்னும் வெளியே இருக்கிறதா, தொலைந்துவிட்டதா? நிலை என்ற இடத்தில் 3 என்று இருந்தால் என்ன பொருள்? நான் வீட்டுச் செலவுக் கணக்கில் தொகையைப் பைசாவில் வைத்திருந்தேன், அதை எங்கும் எழுதவில்லை, ஏஜென்ட் ரூபாய் என்று எடுத்துக்கொண்டு நூறு மடங்கு கூட்டிச் சொன்னது. ஒரே ஒரு வரி எழுதியதும் சரியாகிவிட்டது.

அடுத்தது, சத்தமில்லாமல் நடக்கும் தவறுகள். பிழைச் செய்தி வந்தால் ஏஜென்ட் தானே திருத்திக்கொள்ளும், வராவிட்டால் தப்பான விடையை உறுதியாகச் சொல்லிவிடும். எஸ்க்யூலைட்டில் தேதிக்கென்று தனி வகை கிடையாது. 28/02/2025 என்று எழுத்தாகச் சேமித்தால் இடமிருந்து ஒவ்வொரு எழுத்தாகத்தான் ஒப்பிடும், அதனால் அது 05/03/2025-ஐ விடப் பெரியது என்று ஆகிவிடும். பட்டியல் வரும், பிழை எதுவும் வராது, பட்டியல் மட்டும் தப்பு. உங்களுக்கு நடப்பது இதுவாகக்கூட இருக்கலாம். இதைக் கையேட்டில் எச்சரிக்கையாக எழுதுவதைவிடத் தேதிகளை ஆண்டு-மாதம்-நாள் வரிசைக்கு மாற்றிவிடுங்கள், எழுத வேண்டிய வேலையே இருக்காது.

அபராதத் தொகைக்கு எண் வகையில் ஒரு ஃபீல்டு (டேபிளின் ஒரு நெடுவரிசை) வைத்திருந்தாலும் யாராவது "பத்து" என்று அடித்தால் எஸ்க்யூலைட் வாங்கி வைத்துக்கொள்ளும், கூட்டும்போது அதைப் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும். 2021இல் வந்த 3.37 பதிப்பிலிருந்து ஸ்ட்ரிக்ட் என்று டேபிளை அமைக்கலாம், அப்போது மறுத்துவிடும். ஃபீல்டு பெயரை இரட்டை மேற்கோளுக்குள் தப்பாக எழுதினாலும் இதே கதைதான். பைத்தான் வழியாகப் போகும்போது பெரும்பாலும் அதை ஃபீல்டு பெயராக அல்லாமல் வெறும் எழுத்துகள் என்று எடுத்துக்கொண்டு காலிப் பட்டியலைத் தந்துவிடும், ஏஜென்ட்டும் "எல்லோரும் திருப்பித் தந்துவிட்டார்கள்" என்று சொல்லிவிடும்.

சரி, மிச்சத்தை எங்கே எழுதுவது? டேபிளை உருவாக்கும் கட்டளைக்கு உள்ளேயே, ஒவ்வொரு ஃபீல்டுக்கும் பக்கத்தில் -- என்று இரண்டு சிறு கோடு போட்டுக் குறிப்பாக எழுதுங்கள். அந்தக் கட்டளையைக் குறிப்புகளோடு அப்படியே எஸ்க்யூலைட் சேமித்து வைக்கிறது. ஏஜென்ட் வழக்கமாக முதலில் ஸ்கீமாவைத்தான் (டேபிள்களின் அமைப்பு) பார்க்கும், பார்த்தவுடனே விளக்கமும் கண்ணில் படும். ஆனால் குறிப்பு கட்டளையின் அடைப்புக்குறிக்குள் இருக்க வேண்டும், மேலே தனியாக எழுதினால் தங்காது. ஏற்கெனவே இருக்கும் டேபிளில் சேர்க்கப் புதிய டேபிள் ஒன்று உருவாக்கி, விவரங்களை நகலெடுத்து, பழையதை நீக்கிப் பெயர் மாற்றுவது நல்லது. ஒரு மாலை நேர வேலைதான், கட்டாயம் செய்யுங்கள்.

அப்புறம் உங்கள் கருவி தரும் பிழைச் செய்திகள். "தவறான எண்" என்று மட்டும் சொல்லாமல், "இந்த எண்ணில் உறுப்பினர் இல்லை, பட்டியல் பார்க்க இந்தக் கட்டளையைக் கொடுக்கவும்" என்று சொல்லவையுங்கள். ஏஜென்ட் அடுத்து படிக்கப்போவது அந்த வரியைத்தான்.

கேள்வி: "எதையும் அழிக்காதே" என்று கையேட்டில் முதல் வரியாக எழுதினால் போதாதா? (மதுரை வாசகர்)

பதில்: போதாது. எழுதி வைப்பது வேறு, பூட்டி வைப்பது வேறு. கேள்விக்குப் பதில் சொல்ல மட்டும்தான் ஏஜென்ட் என்றால், படிக்க மட்டும் அனுமதிக்கும் முறையில் டேட்டாபேஸைத் திறக்கும்படி கருவியை மாற்றுங்கள், பைத்தானில் அதற்கு வழி இருக்கிறது. கூடவே இன்னொரு நன்மை. சாதாரணமாகக் கோப்புப் பெயரைத் தப்பாகக் கொடுத்தால் எஸ்க்யூலைட் "அப்படி ஒன்று இல்லை" என்று சொல்லாமல் காலி டேட்டாபேஸ் ஒன்றைத் திறந்து கொடுக்கும், படிக்க மட்டும் என்று சொல்லியிருந்தால் பிழை காட்டும். எழுதும் வேலையும் கொடுப்பதாக இருந்தால், முதலில் நகல் எடுங்கள், அதையும் யாராவது எழுதிக்கொண்டிருக்கும்போது கோப்பைச் சும்மா காப்பி அடிக்காமல் பேக்கப் கட்டளையால் எடுங்கள்.

கேள்வி: குறிப்புகளைத் தமிழில் எழுதலாமா? (சேலம் வாசகி)

பதில்: தாராளமாக. ஒரே விஷயத்துக்கு ஆங்கிலத்தைவிடத் தமிழ் பெரும்பாலான மாடல்களில் அதிக டோக்கன் (மாடல் எழுத்தை வெட்டிப் படிக்கும் சிறு துண்டு) பிடிக்கும், அதனால் சுருக்கமாக எழுதுங்கள். ஆனால் "இரவல்", "சந்தா", "முன்பணம்" என்று நீங்கள் புழங்கும் சொற்களை ஆங்கிலமாக்கி எழுதாதீர்கள். நீங்கள் கேள்வி கேட்கப்போவது அந்தச் சொற்களில்தானே.

கேள்வி: கையேடு நன்றாக இருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது? (ஈரோடு வாசகியே)

பதில்: புதிய உரையாடல் ஒன்றைத் திறந்து, விடை உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த ஐந்து கேள்விகளைக் கேளுங்கள். விடையை மட்டும் பார்க்காமல் அது ஓட்டிய கட்டளைகளையும் வரிசையாகப் படியுங்கள். எங்கே ஊகம் செய்ததோ அங்கே ஒரு வரி சேருங்கள். பிறகு ஒவ்வொரு பத்தியாக எடுத்துவிட்டு அதே ஐந்தையும் மறுபடி கேளுங்கள், விடை மாறவில்லை என்றால் அந்தப் பத்தி திரும்ப வர வேண்டாம்.