கணக்கு டீச்சரைக் கேளுங்கள்: சாவி மட்டும்தான் ரகசியம்

கேள்வி: அரசுப் பள்ளியில் கணித ஆசிரியையாக இருக்கிறேன். 'ஓடிபி சொல்லாதீங்க, லிங்க்கைத் தொடாதீங்க' என்று காவல்துறையினர் வந்து பேசிவிட்டுப் போனார்கள். பிள்ளைகள் கைதட்டினார்கள், மறந்தும் விட்டார்கள். செய்திகளை ரகசியமாகப் பூட்டும் மறையெழுத்துக் கணிதத்தைச் சொல்லிக்கொடுத்தால் விழிப்பு வருமா?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: வரும். வகுப்பிலேயே பார்த்திருக்கிறேன்.

என் தங்கை வீட்டுக்காரர் ஒருமுறை பர்ஸைத் தொலைத்துவிட்டார். ஏடிஎம் கார்டும் ஆதார் நகலும் அதிலேயே ஒன்றாக இருந்தன. பின் நம்பர், அவர் பிறந்த தேதியும் மாதமும். அரை மணி நேரத்தில் பத்தாயிரம் ரூபாய் போய்விட்டது. மறுநாள் ஒன்பதாம் வகுப்பில் அதையே கணக்காகப் போட்டேன். நான்கு இலக்க எண்கள் எத்தனை? 10,000. தேதியும் மாதமும்தான் என்று தெரிந்துவிட்டால்? பிப்ரவரி 29-ஐயும் சேர்த்து 366 என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் சொன்னாள். ஆதார் நகலும் கையில் கிடைத்தால்? வகுப்பு ஒரு நிமிடம் அமைதியாகிவிட்டது. "ஒண்ணே ஒண்ணுதான் டீச்சர்."

அந்த வாரத்தில் நாலைந்து வீடுகளில் பின் நம்பர் மாறியது. புது நம்பர் என்ன என்று ஒரு பிள்ளைகூட என்னிடம் சொல்லவில்லை. எனக்கு அதுதான் பெரிய சந்தோஷம்.

இன்னொன்றையும் சொல்லிக்கொடுங்கள். 1883-ல் ஓகுஸ்த் கெர்க்கோஃப்ஸ் என்ற மொழிப் பேராசிரியர், ராணுவ மறையெழுத்தைப் பற்றி எழுதும்போது ஒரு விதி வைத்தார்: பூட்டின் அமைப்பு முழுவதும் எதிரிக்குத் தெரிந்தாலும் கெடுதல் வரக் கூடாது, சாவி மட்டும் ரகசியமாக இருந்தால் போதும். இன்றைய வங்கிப் பூட்டுகளும் அப்படிப்பட்டவைதான். உங்கள் பெயர், கிளை, கணக்கு எண் எல்லாவற்றையும் ஒருவன் போனில் சரியாகச் சொல்கிறான் என்றால் அவனிடம் சாவி, அதாவது உங்கள் ஓடிபியோ பின் நம்பரோ, இருக்கிறது என்று அர்த்தமில்லை. சாவி இல்லாததால்தான் கூப்பிடுகிறான். இது பிடிபட்ட பிள்ளைக்கு 'சொல்லாதே' என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: நான் வணிகவியல் படித்தவள். பூட்டுவதற்கு ஒரு சாவி, திறப்பதற்கு வேறொரு சாவி என்கிறார்களே, அது எப்படி?
– ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: வகுத்து மீதி காணத் தெரிந்தால் போதும். பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் 'மட்டு எண்கணிதம்' என்று இருப்பது இந்த மீதிக் கணக்குதான். ஒரு தாள் எடுத்துக்கொள்ளுங்கள்.

3, 11 இரண்டையும் பெருக்கினால் 33. ஊர் முழுக்க 33, 3 என்ற இரண்டு எண்களையும் அறிவித்துவிடுங்கள்; இவைதான் பூட்டும் சாவி. உங்களுக்கு 4 என்ற எண்ணை ரகசியமாக அனுப்ப விரும்புகிறவர் அதை மூன்று முறை பெருக்குவார்: 4 × 4 × 4 = 64. 33-ஆல் வகுத்தால் மீதி 31. வழியில் ஒட்டுக்கேட்பவனுக்குக் கிடைப்பது 31 மட்டும். உங்கள் கையிலுள்ள ரகசிய எண் 7; இதுதான் திறக்கும் சாவி. 31-ஐ ஏழு முறை பெருக்கி மீதி காண வேண்டும். பயப்படாதீர்கள், 31 என்பது 33-க்கு இரண்டு குறைவு, அதனால் அதை −2 என்றே வைத்துக்கொள்ளலாம். ஏழு முறை பெருக்கினால் −128. 33-இன் மடங்கான 132-ஐக் கூட்டுங்கள். 4 வந்துவிட்டது! இத்தனை வருடங்களுக்குப் பிறகும் இந்த இடத்தில் எனக்குச் சிலிர்க்கிறது.

7 எங்கிருந்து வந்தது? 3, 11 இரண்டிலும் ஒன்றைக் குறைத்துப் பெருக்கினால் 20. அறிவித்த 3-ஐ 7-ஆல் பெருக்கினால் 21. அதை 20-ஆல் வகுத்தால் மீதி 1. அதனால்தான் 7. ஆக, 33-ஐ 3 × 11 என்று உடைக்கத் தெரிந்தவனுக்கு 7 கிடைத்துவிடும். 33-ஐக் குழந்தைகூட உடைக்கும். ஆனால் இந்த முறையைக் கண்ட ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மன் மூவரும் 1977-ல் 129 இலக்க எண் ஒன்றைச் சவாலாக விட்டார்கள். நூற்றுக்கணக்கானோர் தங்கள் கணினிகளைச் சேர்த்து 1994-ல்தான் உடைத்தார்கள். இப்போது 617 இலக்க எண்கள் புழக்கத்தில் இருக்கின்றன.

கேள்வி: இணைய முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் இருந்தால் நம்பிப் பணம் கட்டலாமா?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: கூடாது ஐயா. உங்களுக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவில் யாரும் எட்டிப்பார்க்க முடியாது, அவ்வளவுதான் அதன் பொருள். எதிர்முனையில் இருப்பவன் திருடனாக இருந்தால் உங்கள் கார்டு எண் பத்திரமாகத் திருடனிடமே போய்ச் சேரும். பலரும் தவறாகப் புரிந்துகொண்டதால் கூகுள் குரோம் 2023-ல் அந்தப் படத்தையே மாற்றிவிட்டது. முகவரியை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். ஏற்கெனவே பணம் போயிருந்தால் இந்தப் பக்கத்தை மூடிவிட்டு உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐக் கூப்பிடுங்கள்.