மஞ்சள் விமானங்கள் – கடிதம்

வணக்கம்.

சிகாகோவில் இருக்கிறேன். இலினாய் மாநிலத்து கேல்ஸ்பர்க் விமான நிலையத்தில் செப்டம்பரில் கூடும் ஸ்டியர்மேன் என்ற பழைய இரட்டை இறக்கைப் பயிற்சி விமானங்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு இந்த வருடம் போனேன். 600 படங்கள். எல்லாமே துல்லியம், ஆனால் பறக்கிற விமானம்கூட நூலில் தொங்கவிட்ட பொம்மை மாதிரி இருக்கிறது. 1/2000 நொடியில் எடுத்தேன். வேறு லென்ஸ் வாங்கலாமா?

கே.

அன்புள்ள கே.,

லென்ஸ் வேண்டாம். ஷட்டர் வேகத்தைக் குறையுங்கள். பறக்கும்போது அந்த இன்ஜின் நிமிடத்துக்கு 1800 சுற்று அளவில் ஓடும். நடுவில் கியர் கிடையாது, புரொப்பெல்லருக்கும் அதே வேகம்தான். நொடிக்கு 30 சுற்று. 1/2000 நொடியில் அது 5 டிகிரிதான் நகரும். பார்க்கிறவருக்கு இன்ஜின் நின்றுபோன விமானம். 1/125 வைத்தால் ஒவ்வொரு பிளேடும் கால் வட்டத்துக்கு இழுபடும். 1/60இல் இரண்டு பிளேடும் சேர்ந்து முழு வட்டமாகிவிடும். விமானத்தோடு கூடவே இடுப்பைத் திருப்பிக்கொண்டு எடுக்க வேண்டும். 40 எடுத்தால் எனக்கு 3 தேறும். அந்த மூன்றுக்காகத்தான் போகிறேன்.

ஆனால் வானத்தைவிடத் தரையில்தான் நல்ல படங்கள் கிடைக்கின்றன. காலையில் சீக்கிரம் போய், கையால் சுற்றிக் கிளப்பும் விமானம் ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். சிலிண்டர்கள் வட்டமாக அமைந்த இந்த ரேடியல் இன்ஜினில் கீழ்ப்பக்கத்து சிலிண்டர்களில் எண்ணெய் இறங்கித் தேங்கியிருக்கும். அதனால் முதலில் புரொப்பெல்லரைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பார்ப்பார்கள். அப்புறம் ஒருவர் பக்கவாட்டில் கைப்பிடியைச் செருகி, மூச்சிரைக்கச் சுற்றுவார். இன்ஜின் பிடித்ததும் புகை குப்பென்று வரும். சூரியன் புகைக்குப் பின்னால் இருக்கும்படி நின்றுகொள்ளுங்கள்.

ஓடுபாதைக்குப் போகும்போது மூக்கு உயர்ந்திருப்பதால் விமானிக்கு நேர் முன்னால் எதுவும் தெரியாது. பாம்பு மாதிரி வளைந்து வளைந்துதான் போவார். ஒவ்வொரு வளைவிலும் பக்கவாட்டு உடல் வெளிச்சத்துக்குத் திரும்பும், அப்போது அமுக்குங்கள். நீங்களும் அவர் கண்ணுக்குத் தெரியமாட்டீர்கள் என்பதை மறக்கவே கூடாது. பார்வையாளர்களுக்கான எல்லைக் கோட்டைத் தாண்டாதீர்கள்.

இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்தது. 1930களிலும் 40களிலும் இந்த விமானத்தில் பறக்கப் பழகிய பையன் பின்னிருக்கையில் இருப்பான், பயிற்சியாளர் முன்னால். அவர் குழாய் வழியாகப் பேசுவார். இவன் திரும்பப் பேச வழியில்லை. மேல் இறக்கையில் ஒரு சின்னக் கண்ணாடி, அதில் அவன் முகத்தைப் பார்த்துத்தான் அவர் தெரிந்துகொள்ள வேண்டும், பயந்திருக்கிறானா இல்லையா என்று. அந்தக் கண்ணாடி இன்னும் இருக்கும் விமானம் கண்ணில் பட்டால் விடாதீர்கள். உரிமையாளரிடம் கேட்டுவிட்டு, பின்னால் உட்கார்ந்திருப்பவரின் முகம் கண்ணாடிக்குள் விழும் வரை காத்திருந்து எடுங்கள். இறக்கையில் மட்டும் சாயாதீர்கள், அது துணி.

கடற்படைப் பயிற்சி விமானங்கள் முழுக்க மஞ்சள். வெயிலில் எடுத்தால் படத்தில் அந்த மஞ்சள் வெளிறிப்போகும், கேமராவுக்குள் விழும் வெளிச்சத்தை அரை ஸ்டாப் (அரைப் படி) குறைத்தே எடுங்கள்.

அடுத்த செப்டம்பர் வரை வீட்டுத் தெருவில் போகிற சைக்கிள்களை 1/60இல் எடுத்துப் பழகுங்கள். ஓட்டுகிறவர் முகம் தெளிவாகவும் சக்கரக் கம்பிகள் கரைந்தும் வந்தால், அந்தப் படத்தை எனக்கு அனுப்புங்கள்.