பெறுநர்: நீங்கள்! – சார்ட்டர் தாத்தா பதில்கள்

புதிதாகப் படிக்கிறேன். அதென்ன ‘சார்ட்டர் தாத்தா’?
– ஆர்.வி., சிதம்பரம்

ஆர்.எம்.எஸ். என்கிற ரயில்வே தபால் பிரிவில் 36 வருஷம் சார்ட்டர் வேலை. ராத்திரி ரயிலின் ஆட்டத்தோடு ஆட்டமாக நின்றுகொண்டு, மெயின் லைனில் விழுப்புரம் தொடங்கி தஞ்சாவூர் வரை, கடிதங்களை ஊர் ஊராகப் பிரித்து மரக்கூடுகளில் எறிய வேண்டும். உங்கள் சிதம்பரம் எந்தக் கூடு என்று கண்ணை மூடிக்கொண்டு கை சொல்லும். இப்போது கும்பகோணத்தில் ஒரு திண்ணை, ஒரு போன், ஒரு மூக்குக் கண்ணாடி. போனில் கண்டதையும் தெருவில் கண்டதையும் பிரித்து உங்களுக்கு எறிகிறேன். தாத்தா பட்டம் பேத்தி கொடுத்தது.

சமீபத்தில் இணையத்தில் பார்த்து அசந்தது?
– கே.எஸ்., மன்னார்குடி

மீன் காலிங் பெல்.

நெதர்லாந்தில் உட்ரெக்ட் என்று ஓர் ஊர். நடுவே கால்வாய், அதில் படகுகளுக்காகப் பழைய மதகு ஒன்று. வசந்த காலத்தில் மீன்கள் முட்டையிட மேல்நோக்கிப் போகும். அந்த மாதங்களில் படகு குறைவு என்பதால் மதகு மூடியே கிடக்கும். கதவுக்கு முன்னால் மீன்கள் முட்டிக்கொண்டு நிற்க, நீர்ப்பறவைகளுக்குப் பந்தி. 2021-இல் ஒரு வழி செய்தார்கள். தண்ணீருக்குள் கேமரா வைத்து, படத்தை இணையத்தில் விட்டார்கள். உலகத்தின் எந்த மூலையில் இருந்தும் பார்க்கலாம். மீன் தெரிந்தால் திரையிலுள்ள மணியை அழுத்த வேண்டும். உடனே ஒரு படம் பதிவாகும். போதுமான மீன் சேர்ந்துவிட்டது என்று தெரிந்தால் மதகுக்காரர் கதவைத் திறப்பார்.

மார்ச் மாதம் ஒருநாள் விடியற்காலை 4 மணிக்குத் தூக்கம் கலைந்து உட்கார்ந்தேன். அங்கே முந்தின இரவு பதினொன்றரை. பச்சைத் தண்ணீர். குமிழி. மறுபடி பச்சைத் தண்ணீர். முக்கால் மணி கழித்து ஒரு மூஞ்சி வந்து கேமராவை முறைத்தது. நம் பனையேறிக் கெண்டைக்கு ஒன்றுவிட்ட உறவு மாதிரி இருந்தது. அழுத்தினேன். வாய் சும்மா இருக்காமல், “மீன் வந்துடுச்சு!” என்று கத்தியும் விட்டேன்.

பாதித் தூக்கத்தில் இருந்து என் மனைவி, “இந்நேரத்துக்கா? செதில் எடுத்துத் தரச் சொல்லுங்க” என்றாள்.

காலையில் இதை ஒரே ஒருவருக்கு அனுப்பினேன். வெண்ணாற்றுப் பக்கம் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்ற நண்பர். ஆயுசு முழுக்க மதகு திறந்தவர். பத்து நிமிஷத்தில் பதில் வந்தது: “ராத்திரியில தெறக்கச் சொன்னா அந்த ஆளுக்கு ஓவர்டைம் உண்டா?”

வெறுமனே பார்த்துக்கொண்டே இருப்பதில் என்ன சுகம் தாத்தா?
– ம.தே., நாமக்கல்

இணையக் கேமராவே சோம்பலுக்குப் பிறந்த பிள்ளை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கம்ப்யூட்டர் ஆய்வுக்கூடத்தில், ஆளுக்கொரு அறையில் இருந்து எழுந்துபோய்ப் பார்த்தால் காபி ஜாடி காலி. வெறுத்துப்போய் 1991-இல் ஜாடிக்கு எதிரே ஒரு கேமராவை வைத்தார்கள். 1993-இல் அது இணையத்துக்கு வந்து, யார் வீட்டுக் காபியையோ உலகமே எட்டிப் பார்த்தது. 2001-இல் கேமராவை அணைத்த பிறகு ஜாடி 3,350 பவுண்டுக்கு ஏலம் போனது. நான் கும்பகோணத்துக்காரன். பித்தளை ஃபில்டரில் காதை வைத்தால் எத்தனை சொட்டு பாக்கி என்று தெரிந்துவிடும்.

சொட்டு என்றதும் இன்னொன்று. ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகப் பேராசிரியர் தாமஸ் பார்னெல், 1927-இல் ஒரு புனலில் கீலைக் காய்ச்சி ஊற்றி வைத்தார். தார் மாதிரிச் சாமான். சுத்தியலால் அடித்தால் சில்லுச் சில்லாக உடையும். ஆனாலும் அது ஓடுகிற பண்டம்தான் என்று மாணவர்களுக்குக் காட்ட நினைத்தார். 1930-இல் புனலின் மூக்கை வெட்டிவிட்டார். அன்றிலிருந்து 2014 வரை விழுந்தது மொத்தம் ஒன்பது சொட்டு.

அவருக்குப் பின் பல பத்தாண்டு அதைக் காவல் காத்தவர் ஜான் மெயின்ஸ்டோன். 1988-இல் குடிக்க எதையோ வாங்கப் போனார். திரும்புவதற்குள் சொட்டு விழுந்துவிட்டது. 2000-த்தில் உஷாராகக் கேமரா வைத்தார்; கேமரா காலை வாரியது. 2013-இல் அவர் காலமானார். அடுத்த சொட்டு 2014 ஏப்ரலில்.

சிரிக்காதீர்கள். போன ஆடியில் எங்கள் எதிர்வீட்டில் நிஷாகந்தி மொட்டு விட்டது. ராத்திரி மட்டும் பூக்கிற பூ என்று தெருவே நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். ஒன்பதரைக்கு, “எல்லாருக்கும் காபி போடுறேன்” என்று எழுந்தேன். பழைய டிகாக்‌ஷனில் கொடுத்தால் பாவம் என்று புதுசாக இறக்கினேன். முக்கால் மணி. தட்டோடு வந்தால் வாசம் என்னை எதிர்கொண்டு அழைக்கிறது, பூ முழுசாக விரிந்து நிற்கிறது. அவர்கள் எடுத்த படம் என் போனிலும் இருக்கிறது. எட்டுப் பேர், பூ, துண்டு போட்டு இடம் பிடித்த ஒரு காலி நாற்காலி.

குரூப்பில் தினமும் வரும் ‘குட்மார்னிங்’ படங்கள் பற்றி?
– ப.ரா., விருதுநகர்

முகவரி எழுதாமல் பெட்டியில் போட்ட தபால். அந்தக் காலத்தில் இதற்கென்றே டெட் லெட்டர் ஆபீஸ் இருந்தது. உறையைப் பிரித்து, உள்ளே ஏதாவது துப்பு இருந்தால் அனுப்பியவருக்கே திருப்புவார்கள். ரோஜாப்பூவையும் சூரியனையும் பிரித்து என்ன துப்பைக் கண்டுபிடிப்பது?

தமிழ் சம்பந்தமாக ஏதாவது அகப்பட்டதா?
– ஒரு வாசகி, காரைக்குடி

அகப்பட்டது. நியூசிலாந்தின் தே பாப்பா அருங்காட்சியகத்தில் ஒரு வெண்கல மணி இருக்கிறது. ஒரு சாணுக்கும் குறைவு. விளிம்பு உடைந்தது. சுற்றிலும் பழைய தமிழ் எழுத்து.

1836 வாக்கில் வில்லியம் கொலென்சோ என்ற கிறிஸ்தவ மிஷனரி, அந்நாட்டின் வடக்கே பூர்வகுடிகளான மாவோரிப் பெண்கள் இதைக் கவிழ்த்துப் போட்டு உருளைக்கிழங்கு வேகவைப்பதைப் பார்த்தார். எங்கே கிடைத்தது என்று கேட்டதற்கு, புயலில் சாய்ந்த பெருமரத்தின் வேருக்கு அடியில் என்றார்களாம். எழுத்தைப் படித்தவர்கள் சொல்லும் பொருள்: முகைதீன் பக்சு என்பவருடைய கப்பலின் மணி.

அந்தக் கப்பல் அங்கே போனதா, மணி மட்டும் கைமாறிப் போனதா என்று ஆளுக்கு ஒன்று எழுதியிருக்கிறார்கள். என் கண் வேறு இடத்தில் நின்றது. இது பாதி எழுதிய உறை. அனுப்புநர் உண்டு, பெறுநர் இல்லை. இப்படி ஒன்று கையில் வந்தால் எந்தக் கூட்டில் எறிவேன் என்று இரண்டு நாள் யோசித்தேன்.

பெரிய கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருக்கும் நண்பரிடம் படத்தைக் காட்டினேன். சரித்திரத்தைச் சொல்ல வாயெடுப்பதற்குள் போனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்து, “நல்ல வார்ப்பு. வாய்தான் போயிருக்கு. கெழங்கு வேகவைக்கத் தாங்கும்” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். மாவோரிப் பெண்களின் கட்சி.

போனை மூடிவிட்டு நீங்கள் பார்த்தது?
– ஜெ., பழனி

பால் வாங்கப் போகிற வழியில் ஒரு வீட்டுக் கேட்டில் ‘நாய் ஜாக்கிரதை’ பலகை. தை மாதம் அதன் கீழே சாக்பீஸில் குழந்தைக் கையெழுத்து முளைத்தது: ‘பேரு லட்டு’. அடுத்த வாரம் இன்னொரு வரி: ‘கடிக்காது’. மாசி பிறந்ததும் யாரோ பெரியவர்கள் அந்தக் கடைசி வரியை அடித்துவிட்டார்கள். இப்போது அடித்ததற்குப் பக்கத்தில், அதே குழந்தைக் கையெழுத்தில்: ‘எப்பவாவது’.

லட்டுவை இன்னும் நான் பார்க்கவில்லை. எதிர்ப்பக்கமாக நடக்கிறேன்.

வெளியூரில் இருக்கும் என் மகனுக்கு நான் எதை அனுப்பினாலும் கட்டைவிரல் படம் மட்டும்தான் வருகிறது. வருத்தமாக இருக்கிறது.
– ஓர் அம்மா, தென்காசி

அம்மா, ஒரு நாளைக்கு எத்தனை அனுப்புகிறீர்கள்? பதினைந்து என்றால் கட்டைவிரலே மரியாதைதான். தபால்காரரைக்கூட ஒருநாளைக்குப் பதினைந்து தடவை வாசலில் யாரும் வரவேற்க மாட்டார்கள். வாரத்துக்கு ஒன்று அனுப்புங்கள். உலகத்தில் உங்கள் மகன் ஒருவனுக்கு மட்டுமே பொருந்துகிற ஒன்று.

நானும் அந்தக் கட்டைவிரலைத் தின்றவன்தான். 2018-இல் என் மகள் மெல்போர்னுக்குக் குடிபோனாள். அந்த ஊர் மாநகராட்சி, 2013 வாக்கிலேயே தன் மரங்களுக்கு எண் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் மின்னஞ்சல் வசதி செய்திருந்தது. சுமார் 70,000 மரம். கிளை முறிந்தால், பட்டுப்போனால் ஜனங்கள் புகார் சொல்லட்டும் என்பது உத்தேசம். ஜனங்களோ மரங்களுக்குக் காதல் கடிதம் எழுதத் தொடங்கிவிட்டார்கள். சில மரங்கள் பதிலும் போட்டனவாம்!

வரைபடத்தில் மகளின் டிராம் நிறுத்தத்தைத் தேடினேன். பக்கத்தில் எல்ம் மரம் ஒன்று இருந்தது. தமிழிலேயே எழுதினேன். “தினமும் காலை 7.40-க்கு உன் கீழே ஒரு பெண் நிற்பாள். குடையை வீட்டில் மறந்துவிட்டு வருவது அவள் வழக்கம். கொஞ்சம் பார்த்துக்கொள். – அவள் அப்பா, கும்பகோணம் 612001.” நகலை மகளுக்கு அனுப்பினேன்.

மரம் பதில் போடவில்லை. தமிழ் தெரியாது போலிருக்கிறது. ஆனால் மறுநாள் காலை, ஞாயிற்றுக்கிழமைகூட இல்லை, மகளிடமிருந்து போன். டிராம் சத்தம் கேட்டது. சிரிப்பை அடக்கிக்கொண்டு பேசினாள்.

“அப்பா, நான் நிக்கிறது எதிர் பிளாட்பாரம். நீங்க எழுதினது ரோட்டுக்கு அந்தாண்ட இருக்கிற மரத்துக்கு.”

36 வருஷ சர்வீஸில் கெட்ட பெயர் எடுக்காதவன் நான். ரிட்டையர்டு ஆன பிறகு ஒரு மிஸ்சென்ட்!